சரக்கு வண்டிக்குப் பின்பக்கக் கேமரா: நாமே பொருத்துவது எப்படி?

பழவேற்காடு பக்கம் சரக்கு கொண்டுபோகும் உறுப்பினர்களுக்கு அங்குள்ள குப்பத்துத் தெருக்களைப் பற்றி நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பொன்னேரியிலிருந்து வரும் சாலையில் வண்டி தடையில்லாமல் ஓடும். ஏரிக்கரைக் குப்பத்துக்குள் நுழைந்துவிட்டால் திருப்ப இடம் கிடையாது. அரிசி மூட்டையையும் எண்ணெய் டின்னையும் கடை வாசலில் இறக்கிவிட்டு, வந்த வழியே பின்னோக்கித்தான் எடுக்கவேண்டும். ஒரு பக்கம் வலை காயும், மறுபக்கம் கருவாடு காயும், நடுவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் கடையின் டாட்டா ஏஸ் வண்டி ஒருநாள் இப்படிப் பின்னால் வந்தபோது, வண்டிக்குப் பின்னே குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்த நாலு வயதுக் குழந்தை இரண்டு கண்ணாடியிலும் தெரியவில்லை. திண்ணையிலிருந்த ஒரு பாட்டி போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரைவர் அன்றிரவு சாப்பிடவில்லை, எங்களுக்கும் தூக்கமில்லை. அடுத்த வாரமே கேமரா வாங்கி நாங்களே பொருத்தினோம். முதல் முறை பொருத்தியது மூன்று மாதத்தில் கெட்டது. இரண்டாம் முறை பொருத்தியது இன்றும் ஓடுகிறது. இரண்டிலும் கற்றதை இங்கே எழுதுகிறோம்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல. அமெரிக்காவில் 2002-ல் ஒரு தந்தை தம் வீட்டு வாசலிலேயே வண்டியைப் பின்னால் எடுத்தபோது அவருடைய இரண்டு வயது மகன் இறந்துபோனான். அதன் பின்னர் எழுந்த கோரிக்கையால் 2008-ல் சட்டம் வந்தது. 2018 மே மாதத்திலிருந்து அங்கு விற்கும் புதிய கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயமாக்கப்பட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சரக்கு வண்டிகளுக்கு நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சென்சார் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். குறுகலான தெருவில் சுவர், கட்டுமரம், குடம் எல்லாவற்றுக்கும் அது கத்தும். கத்திக்கொண்டே இருக்கும் பொருளை டிரைவர் காதில் வாங்குவதை நிறுத்திவிடுவார்.

கேமராவில் வயர் உள்ளது, வயர் இல்லாதது என இரண்டு வகை உண்டு. வயர் உள்ளதையே வாங்குங்கள். வயர் இல்லாதது என்று சொல்வதற்கும் பின்பக்கம் மின்சாரம் கொடுக்க வயர் இழுத்தே ஆகவேண்டும். அத்துடன் இரும்புப் பெட்டிக் கட்டு உள்ள வண்டியில் படம் விட்டுவிட்டு வரும். குழந்தை நிற்கும் நேரத்தில் படம் அரை வினாடி தாமதித்தால் வாங்கியதற்கே பயனில்லை.

வாங்கும்போது நான்கு சங்கதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவும் திரையும் ஒரே வகையாக இருக்கவேண்டும். கடையிலேயே இரண்டையும் இணைத்துப் படம் காட்டச் சொல்லுங்கள். சிறிய வண்டிகளுக்கு 12 வோல்ட், பெரிய லாரிகளுக்கு 24 வோல்ட். பொருளின் மேல் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கார்களுக்கான கேமராவோடு வரும் கேபிள் பெரும்பாலும் 6 மீட்டர்தான். ஏஸ் போன்ற வண்டிக்குப் போதும், நீளமான பிக்கப்புக்குப் போதாது. வண்டியின் நீளத்தோடு வளைவுகளுக்காக ஒன்றரை மீட்டர் கூட்டிக் கேளுங்கள். கடைசியாக, தண்ணீர்ப் பாதுகாப்பு. ஐ.பி.67 என்ற குறி இருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துச் சோதித்தது என்று பொருள். அந்தக் குறி கேமராவுக்கு மட்டுமே. அதன் வால் வயரிலுள்ள இணைப்புக்கு அல்ல. நாங்கள் ஏமாந்தது இங்கேதான்.

இனி வேலைக்கு வருவோம். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி ரிவர்ஸ் கியர் போடுங்கள். பின் விளக்குப் பெட்டியில் எந்த வயரில் அப்போது மட்டும் மின்சாரம் வருகிறது என்று டெஸ்ட் லாம்ப் வைத்துக் கண்டுபிடித்து அடையாளம் கட்டுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் கத்தியைத் தொடவேண்டும். கேமராவின் சிவப்பு வயர் அந்த ரிவர்ஸ் லைட் வயரோடு, கருப்பு வயர் எர்த்தோடு. வீடியோ கேபிளோடு ஒட்டி ஒரு மெல்லிய சிவப்பு வயர் வரும். அதன் பின் முனையையும் ரிவர்ஸ் லைட் வயரில் சேர்த்து, முன் முனையைத் திரையின் ரிவர்ஸ் வயரில் சேருங்கள். கியர் விழுந்ததும் திரை தானாக மாறுவது இதனால்தான். திரைக்கு வேண்டிய மின்சாரத்தை, சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் வயரிலிருந்து, இடையில் சிறிய ஃபியூஸ் வைத்து எடுங்கள். வாரண்டி முடியாத புது வண்டியில் கை வைக்குமுன் விற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கேபிளை வண்டியின் சொந்த வயரிங் போகும் வழியிலேயே சேசிஸை ஒட்டி ஒரு சாணுக்கு ஒரு டை போட்டு இழுங்கள். சைலன்சர், சுழலும் ஷாஃப்ட், பட்டை வில் இவற்றின் பக்கம் போகக்கூடாது. பிரேக் பைப்போடு சேர்த்துக் கட்டவும் கூடாது. தகட்டுத் துளை வழியே கேபினுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் புஷ் போடுங்கள். நுழைவதற்கு முன் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பின்பக்க இணைப்பு. பழவேற்காடு ஏரி கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்த உப்பேரி. காற்றிலும் உப்பு, ரோட்டுச் சேற்றிலும் உப்பு. திரும்பும்போது மீன் பெட்டி ஏற்றினால் ஐஸ் கரைந்த தண்ணீரும் அடியில் வழியும். முதல் முறை நாங்கள் வயரை முறுக்கிக் கருப்பு டேப் சுற்றினோம். வெயிலில் டேப்பின் பசை இளகி உப்பு உள்ளே போய், பிரித்துப் பார்த்தபோது செம்பு பச்சையாகப் பொடிந்திருந்தது. இரண்டாம் முறை ஈயம் வைத்துப் பற்றவைத்து, உட்புறம் பசையுள்ள சுருங்கு குழாயை ஏற்றிச் சூடு காட்டினோம். செருகும் இணைப்பில் வாஸ்லின் தடவி, அதன்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றினோம். எர்த் வயரைத் துரு ஏறிய சேசிஸில் வைக்காமல் விளக்கின் எர்த்திலேயே சேர்த்தோம். பற்றவைக்கத் தெரியாதவர்கள் இந்த ஓர் இணைப்பை மட்டும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேமராவைப் பெட்டிக் கட்டு வண்டியில் உச்சியில், நடுவில், கீழ்நோக்கி வையுங்கள். திறந்த வண்டியில் பின் கதவுக்குக் கீழே வைக்கிறவர்கள், நீளச் சரக்குக்காகக் கதவைத் தொங்கவிட்டு ஓட்டும்போது கேமரா மறைந்துவிடும் என்பதை டிரைவரிடம் சொல்லிவைக்க வேண்டும். அன்று ஒரு ஆள் இறங்கி நின்றுதான் வண்டியை எடுக்கவேண்டும். பொருத்தியபின் காலி எண்ணெய் டின் ஒன்றைப் பின் பம்பரிலிருந்து ஓரடியில் வையுங்கள். டின் முழுதும் திரையில் தெரியும்வரை கோணத்தை மாற்றுங்கள். அதையே மூன்றடி, ஆறடி என்று நகர்த்தி, திரையில் வரும் வண்ணக்கோடு எதற்கு எத்தனை அடி என்று டிரைவரே பார்க்கட்டும். அந்தக் கோடுகள் வேறு ஏதோ வண்டியின் உயரத்துக்குப் போட்டவை. வலப்பக்கம் ஆள் நின்றால் திரையிலும் வலப்பக்கமே தெரிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். மாறித் தெரிந்தால் கேமராவின் வாலிலுள்ள சிறு வளையத்தை வெட்டினால் சரியாகும் வகைகள் உண்டு. அட்டைக் குறிப்பைப் படித்துவிட்டு வெட்டுங்கள்.

குப்பத்திலிருந்து திரும்பிய அன்று அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, லென்ஸை ஈரத்துணியால் துடையுங்கள்; அழுத்தக் குழாயை அதன்மேல் நேராகக் காட்டாதீர்கள். காலையில் சரக்கு ஏற்றுமுன் ஒருமுறை ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். படம் வராவிட்டால் முதலில் ஃபியூஸ், அடுத்து எர்த், பிறகு பின்பக்க இணைப்பு என்று பார்த்துக்கொண்டு போனால் கோளாறு பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.