கருவுற்ற செய்தியும் அதற்குரிய மறுமொழியும்

கருவுற்ற செய்தியைத் தமிழ்ப் பேச்சுவழக்கு பெரும்பாலும் நேரே கூறுவதில்லை. ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பது மாதவிலக்கிற்குப் பிந்தைய தலைமுழுக்கு நிகழவில்லை என்பதை மட்டுமே உணர்த்தும். ‘நாள் தள்ளியிருக்கிறது’ என்பதும் அவ்வாறே. இவற்றை நன்னூல் கூறும் இடக்கரடக்கலில் அடக்கிவிடுவது போதாது. உறுதிப்படாததை உறுதிப்படாததாகவே சொல்லும் நுட்பம் இவற்றில் உண்டு. எனவே உரத்த வாழ்த்து இவற்றுக்குப் பொருந்தாது. ‘நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும்’ என்னும் மறுமொழியில் ‘பிழைத்தல்’ என்னும் வினை கருதத்தக்கது. மகப்பேற்றில் தாய் இறப்பது அரிதாக இராத காலத்தின் அச்சம் அதில் உறைந்துள்ளது.

மற்றொரு மறுமொழி வினாவாக அமைவது. வலையபட்டி முதலிய செட்டிநாட்டு ஊர்களின் ஆச்சிமாராயினும் பிற வட்டாரத்து மூத்த பெண்டிராயினும், ‘வாய்க்கு என்ன பிடிக்கிறது?’ என்று கேட்பது இயல்பு. தொல்காப்பிய உரியியல் ‘வயா’ என்னும் சொல்லுக்கு வேட்கை மிகுதி எனப் பொருள் கூறுவதை இதனோடு வைத்துக் காணலாம். மசக்கையை நோயாக மட்டும் கொள்ளாது, பெண்ணின் விருப்பமாகவும் கொள்ளும் பார்வை ஈரிடத்தும் உள்ளது.

மேற்கண்ட மறுமொழிகள் சூலுற்றவளையே நோக்குவன. பிறக்கவிருக்கும் பிள்ளையை அன்று. ‘விசேஷம் உண்டா?’ என்னும் வினாவோ செய்தி வருமுன்னரே அதனைக் கோருகிறது. ‘இல்லை’ என விடைகூற நேரும் பெண்ணுக்கு அது மேற்கொண்டு பேச இடமளிப்பதில்லை. அதனை மங்கல வழக்கெனக் கொள்ளுதல் ஏற்புடைத்தன்று.