ஓடிக்கொண்டிருந்தால்தான் ‘ஜாரியா’

கண்டியை அண்டிய ஒரு சிறு கடைத்தெருவில் துணிக்கடை நடத்துபவன் நான். 2023ஆம் ஆண்டின் ஒரு மாலை, அஸருக்குப் பின் பெய்யத் தொடங்கிய மழை, மஃரிப் ஆவதற்குள் என் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்தது. அடித்தட்டில் அடுக்கியிருந்த சாரிகளும் சாரங்களும் சேற்றில் கிடந்தன. ஆறு பெருகவில்லை, மலை சரியவில்லை. கடை வாசலில் ஓடும் கான் அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்தக் கானைப் பற்றி நானும் பக்கத்துக் கடைக்காரர்களும் ஏற்கனவே மூன்று கடிதங்கள் கொடுத்திருந்தோம். ஆள் இல்லை, வாகனம் பழுது, நிதி வரவில்லை என்ற பதில்களே கிடைத்தன. முறையிடுவதற்கு ஓர் உறுப்பினரும் இருக்கவில்லை. 2018இல் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச் 19ஆம் திகதி முடிவடைந்தது. அம்மாதம் நடக்கவிருந்த தேர்தல் நடக்கவில்லை. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து புதிய மன்றங்கள் அமையும் வரை நாட்டின் ஏறத்தாழ எல்லா மன்றங்களும் அதிகாரிகளின் கையிலேயே இருந்தன. அந்த இரண்டு வருடங்களும் மழை மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

ஒரு நாள் சிரமதானம்

அடுத்த ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வாசலிலேயே பேசினோம். முதலாளிமார் சிலர் அங்கேயே பணம் போட்டார்கள். ஞாயிறு காலை பெக்கோ ஒன்று வந்தது. இளைஞர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். பிளேன்டீயும் பணிசும் கடைகளிலிருந்து வந்தன. மாலைக்குள் கான் சுத்தம். எல்லோரும் படம் எடுத்தோம். ‘ஸதகத்துல் ஜாரியா செய்துவிட்டோம்’ என்ற திருப்தியோடு வீடு திரும்பினோம்.

பத்து மாதங்களில் அதே கான் மீண்டும் அடைத்துக்கொண்டது.

அன்றுதான் ஒரு மூத்தவர், பல வருடங்கள் கணக்காளராக வேலை செய்தவர், எங்களிடம் கேட்டார்: “தம்பிமாரே, ஜாரியா என்றால் ஓடிக்கொண்டிருப்பது. நின்றுபோனதற்கு என்ன பெயர்?” எங்களில் யாரிடமும் பதில் இருக்கவில்லை. நாம் செய்தது நல்ல காரியம்தான். ஆனால் அதற்குப் பின் அந்தக் கானைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும் நியமிக்கவில்லை, ஒரு சதமும் ஒதுக்கவில்லை. கடைக்கு ஓர் இயந்திரம் வாங்கினால் அதன் பராமரிப்புச் செலவையும் கணக்கில் சேர்க்கும் நாம், தர்மத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

ரூமா கிணற்றின் பாடம்

இந்த விஷயத்தில் நமக்கு முன்மாதிரி ஒரு வியாபாரிதான். மதீனாவில் நல்ல தண்ணீர் அரிதாக இருந்த காலத்தில், ரூமா என்ற கிணற்றின் தண்ணீர் விலைக்கு விற்கப்பட்டது. அதனை வாங்கி மக்களுக்கு விடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஆர்வமூட்ட, உஸ்மான் (ரழி) அவர்கள் தமது சொந்தப் பணத்தில் வாங்கி வக்பு செய்தார்கள். அவர்கள் நினைத்திருந்தால் அன்றைய தாகத்துக்கு மட்டும் தண்ணீர் வாங்கி ஊற்றியிருக்கலாம். ஆனால் கிணற்றையே வாங்கினார்கள். வாங்கியவருடைய வாளிக்கும் மற்றவர்களின் வாளிக்கும் அங்கே வித்தியாசம் இருக்கவில்லை.

ஹாரூன் அல்-ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார் மக்காவுக்கு அமைத்த நீர்க்கால்வாயும் அப்படித்தான். அது பல நூற்றாண்டுகள் ஹாஜிகளுக்குப் பயன்பட்டது, காலத்துக்குக் காலம் அதைப் பழுதுபார்ப்பவர்கள் இருந்தபடியால். கெய்ரோ, இஸ்தான்புல் போன்ற நகரங்களில் வழிப்போக்கர்களுக்கான தண்ணீர்ப் பந்தல்கள் கடை வாடகை போன்ற வக்பு வருமானத்தில் நடந்தன. பந்தலைக் கட்டியவர் அதை நடத்துவதற்கான வருமானத்தையும் சேர்த்தே எழுதி வைத்தார்.

எங்கள் பங்கு எது?

‘எல்லாவற்றையும் நாமே செய்தால் மன்றம் எதற்கு? வரியும் கட்டி வேலையும் செய்வதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதற்கு விடை காண கராச்சியின் ஒராங்கி பகுதியைப் பார்க்கலாம். அங்கே 1980இல் அக்தர் ஹமீத் கான் ஆரம்பித்த திட்டம் மதத்தின் பெயரால் நடந்ததல்ல. ஆனால் அதன் கணக்கு தெளிவானது. வீட்டுக் கழிவறையும் சந்துக்குள் ஓடும் கழிவு நீர்க் குழாயும் மக்களின் பொறுப்பு. அந்தந்தச் சந்து மக்களே கூடிப் பணம் சேர்த்து, கொந்தராத்துக்காரர் இல்லாமல் குறைந்த செலவில் அமைத்தார்கள். பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. அதை அரசிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நமக்கும் அப்படி ஒரு கோடு தேவை. ‘ஏ’, ‘பீ’ தரப் பெருந்தெருக்களின் கான் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. மாகாண வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்குரியவை. உள் வீதிகள் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியவை. எந்தக் கான் யாருடையது என்று அறிந்து, எழுத்தில் அனுமதி பெற்ற பிறகே கை வைக்க வேண்டும். அந்த அனுமதிக் கடிதமே, ‘இது உங்கள் கடமை, நாங்கள் உதவுகிறோம்’ என்பதற்கான சாட்சி. கோஹாகொட குப்பை மேட்டுப் பிரச்சினையை ஒரு மஹல்லாவால் தீர்க்க முடியாது. ஆனால் அங்கே போகும் குப்பையைக் கடையிலேயே பிரித்துக் குறைக்க முடியும்.

முதலில் எங்கள் வாசற்படி

இனி கசப்பான ஒரு விஷயம். இரண்டாவது முறை கானைத் திறந்தபோது அடைப்பு எங்கே இருந்தது தெரியுமா? எங்கள் கடை வாசற்படிகளின் கீழே. கானை மூடிக் கொங்கிரீட் போட்டு, கடையை முன்னுக்கு இழுத்தவர்களில் நானும் ஒருவன். உள்ளே கிடந்தவை நாங்கள் வீசிய ஷொப்பிங் பேக்குகள்தான்.

அக்குறணையில் பிங்கா ஓயா கடைத்தெருவுக்குள் புகுந்த ஒவ்வொரு முறையும் ஓயாவின் ஓரத்தை நெருக்கிய கட்டிடங்களைப் பற்றிய பேச்சும் எழுந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ புயல் நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. மிக அதிகமான உயிரிழப்பு எமது கண்டி மாவட்டத்தில்தான். அத்தகைய பேரழிவுக்கு அடைத்த கானைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனால் வருடா வருடம் வரும் சாதாரண மழையில் எங்கள் சரக்கு நனைவதற்கு நாங்களும் பொறுப்பு. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்த நாம், பாதையில் தொல்லையைக் கட்டிவைக்கலாமா? நான் என் படியை உடைத்துவிட்டு, கழற்றித் திறக்கக்கூடிய இரும்புத் தட்டு போட்டேன். வேறு சிலரும் செய்தார்கள்.

கணக்கும் கட்டுப்பாடும்

இப்போது எங்கள் தெருவில் ஒவ்வொரு கடையும் மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கிறது. இரண்டு பேருக்குக் கூலி கொடுத்து மாதமொருமுறை கான் பார்க்கப்படுகிறது. வரவு செலவு பள்ளி அறிவித்தல் பலகையில் தொங்குகிறது. இதைத் தொடங்க நினைக்கும் சகோதரர்களுக்கு மூன்று விடயங்கள்:

ஒன்று, ஸகாத் பணத்தை இதற்கு எடுக்க வேண்டாம். அது குர்ஆன் சொல்லும் எட்டுக் கூட்டத்தாருக்குரியது. கானுக்கு ஸதகாவும் தனி நிதியும் போதும். சந்தேகமிருந்தால் ஆலிம்களிடம் கேளுங்கள்.

இரண்டு, பள்ளியின் பழைய வக்பு வருமானத்தை அதன் நோக்கத்துக்கு மாறாகத் திருப்ப வேண்டாம். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டத்தின் கீழ் நம்பிக்கையாளர்கள் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். புதிய தேவைக்குப் புதிய வக்பை எழுதுங்கள்.

மூன்று, தண்ணீருக்கு இனம் தெரியாது. எங்கள் நிதியில் சிங்களச் சகோதரரின் பேக்கரியும் தமிழ்ச் சகோதரரின் நகைக்கடையும் பங்குதாரர்கள். 2018 மார்ச்சில் திகனயிலும் சுற்றுப்புறங்களிலும் கடைகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். மாதமொருமுறை ஒரே கானைப் பார்க்க ஒன்றாக நிற்பவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கப் பழகுகிறார்கள். அதன் பெறுமதியை எந்தக் கணக்கேட்டிலும் எழுத முடியாது.

புதிய மன்றம் வந்த பின்னரும் நாங்கள் நிதியை நிறுத்தவில்லை, கடிதம் எழுதுவதையும் நிறுத்தவில்லை. இரண்டும் தொடர வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையை மூடும்போது, ஒரு நிமிடம் நின்று உங்கள் வாசற்படியின் கீழே குனிந்து பாருங்கள். வேலை எங்கே தொடங்குகிறது என்று தெரியும், இன்ஷா அல்லாஹ்.