காணிப் பதிவும் பிளொக்செயினும்: ஊர் திரும்பும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

கணினியில் ஏற்றிவிட்டால் காணியை இனி எவராலும் பறிக்க முடியாது என்ற பேச்சை நீங்கள் கேட்டிருக்கலாம். அந்தப் பேச்சில் அடிபடும் சொல் 'பிளொக்செயின்'. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை, தில்லையடி எனப் புத்தளத்தில் தங்கிய குடும்பங்கள் பல, காணி உறுதியை எடுக்கவும் அவகாசமின்றி வந்தவை. ஆகவே இந்தச் சொல் உங்களுக்கு நம்பிக்கை தருவது இயல்பே. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்த பின்னரே அதை நம்ப வேண்டும்.

பிளொக்செயின் என்றால் என்ன?

கரைவலைக் கணக்கை நினைத்துப் பாருங்கள். கணக்குக் கொப்பி சம்மாட்டியிடம் மட்டும் இருந்தால், ஒரு தாளைக் கிழித்து வேறு தாளை ஒட்டிவிடலாம். அதே கணக்கின் பிரதி ஒவ்வொரு பங்காளியிடமும் இருந்து, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் முன்பக்க மொத்தம் எழுதப்பட்டிருந்தால், ஓர் எண்ணை மாற்றினாலும் பின்வரும் பக்கங்கள் எல்லாம் பொருந்தாமல் போகும். களவு உடனே தெரிந்துவிடும். பிளொக்செயின் இதையே பல கணினிகளில் செய்கிறது. எழுதியதைப் பிறகு இரகசியமாக மாற்றுவது மிகக் கடினம். ஒரு கட்டடம் எரிந்தாலும் பதிவு அழியாது.

ஜோர்ஜியா நாடு 2017 இல் தன் காணிப் பதிவுகளை இவ்வாறு பாதுகாக்கத் தொடங்கியது. அங்கு பதிவேடுகள் அதற்கு முன்னரே திருத்தப்பட்டுக் கணினியில் ஒழுங்காக இருந்தன. ஹொண்டுராஸில் 2015 இல் அறிவிக்கப்பட்ட இதேபோன்ற திட்டம் நடைமுறைக்கு வராமலே நின்றுபோனது.

அதனால் முடியாதது என்ன?

காணி யாருடையது என்று பிளொக்செயின் தீர்மானிப்பதில்லை. கொடுத்ததை அப்படியே காக்கும், அவ்வளவுதான். பிழையான பெயரைக் கொடுத்தால் அந்தப் பிழையையும் அதே உறுதியோடு காக்கும்.

இது உங்களுக்குத் தூரத்து விடயமல்ல. 2012 இல் முசலிப் பகுதியின் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பிரதேசம் ஒதுக்கப்பட்ட வனமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, அவ்வூர்க் குடும்பங்கள் பல இன்னும் புத்தளத்திலேயே இருந்தன. உரியவர்கள் ஊரில் இல்லாதபோது எழுதப்படும் பதிவு, தாளில் இருந்தாலும் கணினியில் இருந்தாலும், அவர்களுக்குப் பாதகமாக அமையலாம்.

எமது சட்டத்திலும் இதைக் கவனிக்க வேண்டும். 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பதியப்படுவது உறுதி என்னும் ஆவணமே. அதைப் பதிந்ததால் மட்டும் உரிமை நிரூபணமாகாது. உரிமையையே ஆராய்ந்து பதியும் முறை 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் வந்தது. அதுவே 'பிம்சவிய' திட்டம். அது எல்லா ஊர்களையும் இன்னும் சென்றடையவில்லை. எந்த முறை வந்தாலும் உங்களிடம் கேட்கப்படுவது ஒன்றே: சான்று.

இப்போதே செய்ய வேண்டியவை

1. உறுதிக் காணி: உறுதி தொலைந்தால் உரிமை தொலைந்துவிடாது. நொத்தாரிசு ஒவ்வோர் உறுதியின் இணைப்பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். காணி உள்ள மாவட்டத்தின் பதிவகத்தில் தேடுங்கள். உறுதி இலக்கம், ஆண்டு, நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர் ஆகியவற்றில் தெரிந்ததைக் கொண்டுசென்று, சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள்.

2. அனுமதிப்பத்திரக் காணி: இது அரச காணி. காணி உள்ள பிரதேச செயலகத்தின் பேரேட்டில் பத்திரம் பெற்றவரின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். அவர் மரணித்திருந்தால் பின்னுரிமை யாருக்கு என்பதையும் கேட்டறியுங்கள்.

3. எந்தப் பத்திரமும் இல்லையெனில்: பழைய வாக்காளர் இடாப்பு, பிறப்பு, விவாகப் பதிவுகள், பாடசாலைச் சான்றிதழ், பள்ளிவாசல் பதிவு என ஊர் விலாசம் உள்ள எதையும் சேருங்கள். கிணறு, மரம், எல்லைக்காரரின் பெயர் ஆகியவற்றை ஊரின் மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். சமாதான நீதவான் முன்னிலையில் அவர்களிடமிருந்து சத்தியக்கடதாசி பெறுங்கள்.

4. காணியில் வேறொருவர் இருந்தால்: சண்டை வேண்டாம், தாமதமும் வேண்டாம். தனியார் காணியை ஒருவர் பத்து ஆண்டுகள் இடையூறின்றித் தனதாக ஆண்டால், ஆட்சியுரிமை கோரச் சட்டம் இடமளிக்கிறது. போரினால் இடம்பெயர்ந்தோருக்காக 2016 இல் வந்த விசேட சட்டம் வழக்கிடத் தந்த இரண்டு ஆண்டு அவகாசமும் முடிந்துவிட்டது. ஆகவே உடனே சட்டத்தரணி ஒருவரை நாடுங்கள். வசதி இல்லாதோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும்.

5. புத்தளத்தில் வாங்கிய காணி: ஊர் திரும்புவதால் இக்காணியின் உரிமை இல்லாமற் போகாது. ஆனால் வெறும் கடிதத்திலோ வாய்ப்பேச்சிலோ வாங்கியிருந்தால் அது செல்லுபடியான விற்பனையல்ல. நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒப்பமிட்ட உறுதி வேண்டும். விற்றவர் இங்கே இருக்கும்போதே அதை முடியுங்கள். விற்கப்பட்டது அனுமதிப்பத்திரக் காணியாயின் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

6. பெயர்கள்: புதிதாக உறுதி எழுதும்போது கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்ப்பது பற்றிப் பேசி முடிவெடுங்கள். ஒருவர் இல்லாத நாளில் மற்றவர் வீதிக்கு வராதிருக்க அது உதவும்.

எச்சரிக்கை

உங்கள் காணியைப் 'பிளொக்செயினில் பதிந்து தருவதாக' எவராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அவ்வாறு பெறும் கணினிச் சான்றிதழ் உறுதிக்கோ அனுமதிப்பத்திரத்துக்கோ ஈடாகாது. மூலப் பத்திரத்தை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம், பிரதியை மட்டும் கொடுங்கள். சேர்த்த சான்றுகளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, வெவ்வேறு ஊர்களில் உள்ள உறவினர் இருவருக்கு அனுப்பிவையுங்கள். ஒரு பிரதி அழிந்தாலும் மற்றவை மிஞ்சும். இதற்குச் செலவில்லை, இன்றைக்கே செய்யலாம்.