யானையின் வாலைப் பார்த்தீர்களா?

திண்டுக்கல் மலைக்கோட்டையைத் தினமும் அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கே, இந்த ஊர் பேரைச் சொல்லும் பழங்காசு உண்டு என்பது புதுச் செய்தியாக இருக்கும். திப்பு சுல்தானுக்கு ஊர்களுக்கும் காசுகளுக்கும் புதுப்பேர் சூட்டுவதில் தனி ஆர்வம். அவருடைய செப்புக்காசுகளில் 'காலிகாபாத்' என்று பாரசீக எழுத்தில் பொறித்தவற்றை நாணயப் பட்டியல்கள் திண்டுக்கல் கணக்கில் வைக்கின்றன. திப்புவின் தந்தை ஹைதர் அலி 1755-இல் பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, வந்து இறங்கிய கோட்டை இது. 1790-இல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள்.

காசின் ஒருபக்கம் யானை, மறுபக்கம் எழுத்து. திப்பு காசுகளைப் பரப்பி வைத்தால் ஒரு யானை இடப்பக்கம் போகும், இன்னொன்று வலப்பக்கம். ஒன்று வாலைத் தூக்கியிருக்கும், மற்றொன்று தொங்கவிட்டிருக்கும். காரணம் எளிது. ஒவ்வொரு அச்சையும் ஓர் ஆள் கையால் வெட்டினார். சுத்தியலடியில் அச்சு தேயும், விரிசல் விடும். அடுத்த அச்சில் யானை கொஞ்சம் மாறிவிடும். சேகரிப்பாளர்கள் 'டை வெரைட்டி' என்பது இதைத்தான். இதைப் பிழை என்பது அந்த அச்சுவெட்டிக்குச் செய்யும் அநியாயம்.

புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது ஆண்டில்தான். 1787-இல் திப்பு கொண்டுவந்த மௌலூதி ஆண்டுமுறையில் எண்கள் வலமிருந்து இடமாகப் போகும். 1217 என்பது 7121 என்று நிற்கும். இதற்குப் போய் 'எரர் காயின்' விலை கொடுத்தவர்கள் இருக்கலாம். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த ஹெண்டர்சன் திப்பு காசுகளைப் பற்றி 1921-இல் வெளியிட்ட நூலைப் புரட்டியிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

யானை மானத்தை வாங்கிய காசும் உண்டு. 1911-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், அரசரின் மேலங்கியில் ஒரு குட்டி யானை. தும்பிக்கை சரியாக விழாததால் பார்த்தவர்கள் பன்றி என்றார்கள். எதிர்ப்பு கிளம்பவே அரசாங்கம் காசைத் திரும்பப் பெற்று, தும்பிக்கையைத் திருத்திய அச்சோடு 1912-இல் மறுபடி அடித்தது. அந்தப் 'பன்றி ரூபாய்'க்கு இன்றும் கிராக்கி.

இயந்திரம் வந்தபின் பிழையின் குணமே மாறிவிட்டது. முதல் காசு அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த தகட்டில் அதே முகம் பள்ளமாகவும் இடவலம் மாறியும் பதியும். ஆனால் இரண்டு காசுகளைப் பட்டறை வைஸில் இறுக்கியும் இதைப் போலச் செய்யலாம், செய்கிறார்கள். அப்போது மறுபக்கம் நசுங்கியிருக்கும். விளிம்பு கடிபட்ட காசு கிடைத்தால் கடிக்கு நேர் எதிரே பாருங்கள். உண்மையான பிழையானால் அங்கும் விளிம்பு மங்கியிருக்கும், ஏனென்றால் வெற்றுத் தகட்டுக்கு விளிம்பு எழுப்பும்போது கடிபட்ட பக்கத்தில் அழுத்தத்துக்குப் பிடி இல்லை. அரத்தால் தேய்த்தவனுக்கு எதிர்ப்பக்கம் ஞாபகம் இருப்பதில்லை. இன்றைய இந்தியக் காசில் சிங்க முகம் நிமிர்ந்திருக்க, காசைப் பக்கவாட்டில் திருப்பினால் மதிப்பு எண்ணும் நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் அச்சு சுழன்றிருக்கிறது. ஆண்டின் கீழே புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் ஹைதராபாத், வைரம் மும்பை, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. கொல்கத்தா காசை 'குறி விடுபட்ட பிழை' என்று விற்கிறவரிடம் சிரித்துவிட்டு நகருங்கள்.

இதற்கெல்லாம் நேர் எதிர்க்கூத்து பத்து ரூபாய் நாணயம். ரூபாய்க் குறி உள்ளது, இல்லாதது, பத்துக் கோடு, பதினைந்து கோடு என்று வடிவம் மாறியதும் கடைகளில் கள்ளக்காசு என்று வாங்க மறுத்தார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தும் சந்தேகம் லேசில் ஓயவில்லை. யாராவது வேண்டாம் என்று தள்ளும் பத்து ரூபாயைப் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். எடை 7.71 கிராம் இருந்து, வெள்ளை நடுவட்டம் மஞ்சள் வளையத்துக்குள் விலகிப் பதிந்திருந்தால், அதைச் செலவழிக்காதீர்கள்.