வௌவாலின் சிறகு

பகலெல்லாம் மூட்டை ஏற்றி இறக்கும் ஓசை மிகுந்த நம் செவ்வாய்ப்பேட்டையில், அந்தி சாய்ந்தபின் வானத்தை அண்ணாந்து நோக்குவார் சிலரே. நோக்குவார்க்குப் பழந்தின்னி வௌவால்கள் கரிய சிறகை மெல்ல அடித்து இரைதேடிச் செல்வது புலப்படும். அதனைப் பறவையென்று கருதுவாரும், தீநிமித்தமென்று வெறுப்பாரும் நம்மிடையே உளர். முன்னது பிழையென்பதை அதன் சிறகே காட்டும். சிறகை அறிந்தார்க்குப் பின்னதும் தானே நீங்கும்.

நாம் நமது கையை நீட்டி விரல்களை விரித்துப் பார்ப்போமாக. மேற்கையில் ஓர் எலும்பு, முன்கையில் இரண்டு, அதன்பின் மணிக்கட்டு, ஐந்து விரல்கள் என்னும் இவ்வரிசையே வௌவாலின் சிறகிலும் உள்ளது. ஆனால் முன்கை எலும்புகளுள் ஒன்று நீண்டு வலுப்பெற, மற்றொன்று தேய்ந்து சிறுத்துள்ளது. கட்டைவிரல் குறுகி, நகத்தோடு வெளியே நீட்டிக்கொண்டு, கிளையைப் பற்றி ஏற உதவுகின்றது. ஏனைய நான்கு விரல்களும் குடைக்கம்பிகளைப்போல் நீண்டு சவ்வைத் தாங்குகின்றன. நடுவிரல் சிறகின் நுனிவரை செல்லும். பறவைக்கோ விரல்கள் குறைந்து ஒன்றிவிட்டன. சிறகின் பரப்பை அதற்கு அளிப்பவை இறகுகளே. வௌவாலினத்திற்கு நூலோர் இட்ட கைராப்டெரா என்னும் கிரேக்கப் பெயருக்கும் கையே சிறகாயது என்பதே பொருள். குட்டியீன்று பாலூட்டும் இப்பிராணி நம் இனத்துக்கே அண்மையது.

சவ்வு வெறுந்தோலன்று. இரண்டு மெல்லிய தோலடுக்குகளின் நடுவே மீள்நார்களும், நுண்தசைகளும், நரம்புகளும், இரத்தக்குழாய்களும் பரந்துள்ளன. தசைகள் இறுகித் தளர்வதால் சவ்வின் விறைப்பு வேண்டியவாறு மாறும். மேலுள்ள நுண்மயிர்கள் காற்றின் போக்கை உணர்த்தும். வார்ட்டன் ஜோன்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர், ஒளி ஊடுருவும் இச்சவ்வை ஆராய்ந்து, அதன் சிரைகள் தாமே சுருங்கி விரிந்து இரத்தத்தைச் செலுத்துகின்றன என்று 1852-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கடுங்கோடையில் வௌவால் இச்சிறகையே விசிறியாக்கி உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கின்றது.

சவ்வில் விழுந்த சிறு துளை சில வாரங்களில் மூடிவிடும். விரலெலும்பு முறியின் பறத்தல் அரிது. விரித்த சிறகு நான்கடி அளவினதாதலின், அருகருகே செல்லும் இரு மின்கம்பிகளை ஒருங்கே தீண்டி மடிவதும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டமோ பழந்தின்னி வௌவாலை எலி, காக்கையோடு தீங்குயிர் வரிசையில் வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரிசையை நீக்கிற்று.

சட்டம் மாறுமுன்னரே, நம் சேலம் மாவட்டத்து வௌவால்தோப்பு என்னும் ஊரார், மரங்களில் தொங்கும் வௌவால்கள் வெருளுமென்று தீபாவளியிலும் வெடி வெடியாதிருந்தனர். இலுப்பை முதலிய மரங்களின் வித்தைத் தொலைவில் கொண்டு சேர்ப்பனவும் இவ்வௌவால்களே. நோய் பரவக்கூடுமாதலின், வீழ்ந்துகிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடலாகாது. கல்லெறிதலும் ஆகாது. அந்தி வானில் அசைவது நம்முடையதைப்போன்ற ஒரு கையே என்பதை நினைவிற் கொள்வோமாக.