ஏலம் கேட்பதற்கு ஓர் இலக்கணம்

சீட்டாட்டம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிப்போர் நம்மிடையே பலர். அதற்குத் தக்க காரணமும் உண்டு. பணயம் வைத்து ஆடிப் பொருளையும் அமைதியையும் இழந்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. ஆயினும் காசு சிறிதும் கைமாறாமல், அறிவுக்கும் நாணயத்துக்கும் ஒருங்கே சோதனையாக அமைந்த சீட்டாட்டம் ஒன்று உண்டு. பிரிட்ஜ் என்பது அதன் பெயர். அதில் சீட்டை இறக்கி ஆடும் பகுதியை விட்டுவிட்டு, ஆட்டத்துக்கு முன் நடைபெறும் ஏலத்தைப் பற்றி மட்டும் நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

சீட்டில் ஏலம் என்பது நமக்குப் புதிதன்று. எங்கள் சின்னாளப்பட்டியில், தறிக்கு ஓய்வு கிடைக்கும் வேளைகளில் நான் பழகியவர்கள் ஆடுவது 'இருபத்தெட்டு'. அதில் 32 சீட்டுகள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என ஓர் இனத்துக்கு 7 புள்ளி; நான்கு இனத்துக்கும் சேர்த்து 28. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுகள் வழங்கி, அவற்றைப் பார்த்து 14 முதல் ஏலம் கேட்பார்கள். மிகுதியாகக் கேட்டவர் துருப்பை நிர்ணயித்துக் கவிழ்த்து வைப்பார். இங்கே ஏலத்தில் ஒலிப்பது எண் மட்டுமே. 'இத்தனை புள்ளி எடுப்பேன்' என்பதற்கு மேல் அந்த எண் எதையும் கூறுவதில்லை.

பிரிட்ஜ் ஆட்டத்தின் ஏலமோ பேசும் ஏலம். 52 சீட்டுகளும் முன்னதாகவே ஆளுக்கு 13 வீதம் பகிரப்படும். எதிரெதிரே அமர்ந்த இருவர் கூட்டாளிகள். ஒரு கேள்வியில் எண் ஒன்றும் இனம் ஒன்றும் இருக்கும். 'ஒன்று இஸ்பேடு' என்றால், இஸ்பேடைத் துருப்பாகக் கொண்டு ஆறுடன் ஒன்று சேர்த்து ஏழு பிடிகள் எடுப்போம் என்பது பொருள். ஏழு வரை எண்கள். கிளாவர், டைமன், ஆர்ட்டின், இஸ்பேடு, துருப்பில்லாமை என்று இனங்கள் ஏறுவரிசையில் அமையும். ஆக மொத்தம் 35 கேள்விகள். அவற்றை ஒரு மாடிப்படியின் 35 படிகளாகக் கருதலாம். ஏறியவர் இறங்க இயலாது.

கேட்டதற்கு மேல் எடுத்த பிடிகள் ஆட்ட வெற்றிக்குரிய கணக்கில் சேரா என்பதே காண்டிராக்ட் பிரிட்ஜின் உயிர்நாடி. பிரெஞ்சுக்காரரின் 'பிளாபோன்' ஆட்டத்தில் முன்னரே இருந்த இக்கருத்தை எடுத்துக்கொண்டு, ஹெரால்டு வாண்டர்பில்ட் என்னும் அமெரிக்கச் செல்வர் 1925-ஆம் ஆண்டில், பனாமாக் கால்வாய் வழியாகச் சென்ற 'பின்லாந்து' என்னும் கப்பலில் புதிய புள்ளிக் கணக்கு ஒன்றை வகுத்தார். துருப்பில்லாமையில் ஒன்பது பிடிகள், இஸ்பேடிலோ ஆர்ட்டினிலோ பத்து, டைமனிலோ கிளாவரிலோ பதினொன்று கேட்டு எடுத்தால் பெரும் பரிசு உண்டு. ஒன்று குறைத்துக் கேட்டால் பரிசு இல்லை. எடுக்க இயலாததைக் கேட்டால் அபராதம். ஆகவே, இரு கூட்டாளிகளும் தம் 26 சீட்டுகளின் வலிமையை, ஒருவர் கையை மற்றவர் காணாமலே, சரியாக அளந்தாக வேண்டும்.

எதைக் கொண்டு அளப்பது? எண்கள் ஏழு, இனங்கள் நான்கு, துருப்பில்லாமை ஒன்று, அவற்றோடு பாஸ், டபுள், ரீடபுள் என்னும் மூன்று. ஆக 15 சொற்களே இந்த மொழியின் அகராதி. பேச வேண்டிய பொருளின் அளவையோ கேளுங்கள். ஒருவர் கையில் 13 சீட்டுகள் அமையக்கூடிய வகைகள் 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600. எதிரிகள் வாய் திறவாதிருந்தாலும், இரு கூட்டாளிகளும் சேர்ந்து 35 படிகளில் சிலவற்றை மிதித்தும் சிலவற்றைத் தாண்டியும் ஏறக்கூடிய வழிகள் ஏறத்தாழ 3,436 கோடியே. ஒருவருடைய கையை மட்டும் முழுதாகச் சொல்லக்கூட அவ்வழிகள் போதா. எனவே எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று தேர்ந்தே தீர வேண்டும். அத்தேர்வுக்கு இருவர் முன்கூட்டி வகுத்துக்கொள்ளும் இலக்கணத்தைத்தான் ஏல முறை என்கிறோம்.

முதல் தேர்வு, வலிமையை ஓர் எண்ணாகச் சுருக்குவது. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று கணக்கிட்டால் சீட்டுக்கட்டு முழுவதற்கும் 40 புள்ளி. சராசரிக் கை 10. ஏறத்தாழ 12 புள்ளி உடையவர் ஏலத்தைத் தொடங்கலாம். இருவர் கையும் சேர்ந்து 25, 26 ஆனால் பரிசுக்குரிய ஒப்பந்தத்தை நாடலாம். மில்டன் வொர்க் பரப்பிய இக்கணக்கைச் சார்லஸ் கோரன் என்பவர் தம் நூல்களால் வீடுதோறும் கொண்டு சேர்த்தார்.

இரண்டாவது, படிகளைச் சிக்கனமாகச் செலவிடுவது. 'ஒன்று கிளாவர்' என்று தொடங்கினால் மேலே 34 படிகள் எஞ்சியிருக்கும். உரையாடல் நெடிது செல்லலாம். 'மூன்று இஸ்பேடு' என்று தொடங்கினால் எஞ்சுபவை 21 மட்டுமே. பேசுவதற்கு மிகுதியாக உள்ள வலிய கைகள் தாழ்ந்த படியிலிருந்து பேச வேண்டும். நீண்ட இனம் ஒன்றையன்றி வேறு வலிமையில்லாத கையோ, உயர்ந்த படிக்குத் தாவி எதிரிகளின் பேச்சுக்கு இடமின்றிச் செய்யலாம். நமக்குச் சிக்கனம், பிறருக்குப் பஞ்சம். ஏல முறையை வகுப்போர் எல்லாரும் இந்த இரண்டையும் ஒருசேரக் கருதியாக வேண்டும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குகிறேன். என் கூட்டாளி 'ஒன்று துருப்பில்லாமை' என்று தொடங்குகிறார். எங்கள் முறைப்படி அது 15 முதல் 17 புள்ளி வரை உள்ள, எந்த இனமும் மிகக் குறையாத சமன்பட்ட கை. என்னிடம் இஸ்பேடில் ராஜா, ஜாக்கி, ஏழு, மூன்று. ஆர்ட்டினில் ஏஸ், ஒன்பது, ஆறு, இரண்டு. டைமனில் ராணி, எட்டு, ஐந்து. கிளாவரில் நான்கு, இரண்டு. என் புள்ளி 10. இருவருக்கும் சேர்த்து 25-க்குக் குறையாது. பரிசை நாடலாம், எந்த இனத்தில் நாடுவது என்பதே வினா.

'மூன்று துருப்பில்லாமை' என்று நேரே கேட்டுவிடலாம். ஆனால் என் கிளாவர் இரண்டும் வெறும் சீட்டுகள். கூட்டாளியிடம் இஸ்பேடில் ஏஸ், ராணி, எட்டு, ஐந்து. ஆர்ட்டினில் ராஜா, பத்து, மூன்று. டைமனில் ஏஸ், ராஜா, ஆறு. கிளாவரில் ஏழு, ஐந்து, மூன்று இருப்பதாகக் கொள்வோம். அவர் புள்ளி 16. இஸ்பேடில் நான்கு, ஆர்ட்டினில் இரண்டு, டைமனில் மூன்று என ஒன்பது பிடிகள் நம்மிடம் உள்ளன. ஆயினும் எதிரிகள் முதலிலேயே கிளாவரை இறக்கினால் என்னாகும்? அவர்களிடம் உள்ள எட்டுக் கிளாவர்களும் நான்கு நான்காகப் பிரிவது நூற்றுக்கு ஏறத்தாழ 33 முறையே. ஐந்து மூன்றாகப் பிரிவது 47 முறை. ஐந்து கிளாவர் ஒருவரிடம் இருந்துவிட்டால் அவர்கள் ஐந்து பிடிகளை அள்ளிக்கொள்வர். நமக்கு மிஞ்சுபவை எட்டே. ஒப்பந்தம் கவிழும்.

இஸ்பேடைத் துருப்பாக்கினாலோ மூன்றாம் கிளாவரை என் துருப்பால் வெட்டிவிடலாம். எதிரிகளின் ஐந்து இஸ்பேடுகள் வழக்கம்போல் மூன்று இரண்டாகப் பிரிந்தால், துருப்பில் ஐந்து, ஆர்ட்டினில் இரண்டு, டைமனில் மூன்று எனப் பத்துப் பிடிகள் கிடைக்கும். நாம் இழப்பவை இரண்டு கிளாவரும் ஓர் ஆர்ட்டினும் மட்டுமே. ஆனால் கூட்டாளியிடம் நான்கு இஸ்பேடுகள் உள்ளன என்பதை நான் எங்ஙனம் அறிவது?

இதற்குத்தான் 'ஸ்டேமன்' என்னும் வழக்கு ஏற்பட்டது. ஜார்ஜ் ராப்பீ என்பவர் வகுத்ததை அவர் கூட்டாளி சாமுவேல் ஸ்டேமன் 1945-இல் எழுதி வெளியிட்டார். எழுதியவர் பெயரே நிலைத்துவிட்டது. 'ஒன்று துருப்பில்லாமை'க்கு மறுமொழியாக 'இரண்டு கிளாவர்' என்றால், அது கிளாவரைப் பற்றிய பேச்சே ஆகாது. 'ஆர்ட்டினிலோ இஸ்பேடிலோ நான்கு சீட்டுகள் உண்டா?' என்பதே அதன் பொருள். 'இரண்டு டைமன்' என்றால் இல்லை. 'இரண்டு ஆர்ட்டின்', 'இரண்டு இஸ்பேடு' என்றால் அந்தந்த இனத்தில் உண்டு. நம் கூட்டாளி 'இரண்டு இஸ்பேடு' என்பார். நான் 'நான்கு இஸ்பேடு' என்று முடிப்பேன். இந்த வசதிக்கு நாம் தரும் விலை, இரண்டு கிளாவரிலேயே ஆட்டத்தை நிறுத்தும் உரிமை. மிக மலிவான படியை மிகப் பயனுள்ள வினாவுக்கு ஒதுக்கியமையே இந்த அமைப்பின் நுட்பம்.

இதே எண்ணத்தை ஏலத்தின் தொடக்கத்துக்கே கொண்டு சென்றவர்களும் உண்டு. சீனாவில் பிறந்து அமெரிக்காவில் கப்பல் தொழில் நடத்திய சி. சி. வெய் என்பவர் 'பிரிசிஷன்' என்னும் முறையை வகுத்தார். அதில் 'ஒன்று கிளாவர்' என்பது எந்த இனமாயினும் 16 புள்ளிக்குக் குறையாத வலிய கை என்று பொருள்படும். அம்முறையைக் கையாண்ட தைவான் குழு 1969-இல் உலகக் கோப்பையான பெர்முடா பவுலின் இறுதி ஆட்டம் வரை சென்று உலகை வியக்கச் செய்தது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. எந்த இனம் என்று சொல்வதற்குள் எதிரி குறுக்கே தாவிவிட்டால், வலிமை தெரியும், வடிவம் தெரியாது. இயல்பாகப் பேசும் முறையில் வடிவம் முதலில் தெரியும், வலிமை பின்னர்த் தெரியும். குறையற்ற முறை என்று ஒன்று இல்லை. எக்குறையைப் பொறுத்துக்கொள்வது என்னும் தீர்மானமே முறை.

எங்கள் ஊர்ச் சுங்குடிச் சேலையை நேயர்கள் அறிவர். துணியை முடிச்சிட்ட பின்னரே சாயத்தில் தோய்ப்பர். சாயம் ஏறிய பின் முடிச்சின் இடத்தை மாற்ற இயலாது. ஏல முறையும் அத்தகையதே. சீட்டைப் பகிர்வதற்கு முன் பேசி முடித்ததே செல்லும். நானும் என் கூட்டாளியும் எங்கள் உடன்பாடுகளை ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், என்னிலும் மூத்தவர். புதிய விதி ஒன்றை நான் கொண்டு செல்லும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றே: "தம்பி, எதிரே இருப்பவர் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவாயா?" சொல்ல முடியாத விதி ஏட்டில் ஏறுவதில்லை.

இந்த வினாவில்தான் ஆட்டத்தின் அறம் அடங்கியிருக்கிறது. நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல்களைப் பற்றி விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சூழ நிற்பவர் அறியாதிருப்பதே அந்தப் பேச்சின் நோக்கம். சந்தையில் அது முறை. பிரிட்ஜில் துண்டுக்கு இடமில்லை. ஒரு கேள்விக்குக் கூட்டாளிகள் கொண்டுள்ள பொருள் எதுவாயினும், எதிரிகள் கேட்டால் அதனை முழுவதும் கூறியாக வேண்டும் என்பது ஆட்ட விதி. குரலின் ஏற்ற இறக்கம் குறிப்பாகிவிடக் கூடாது என்பதற்காகவே போட்டிகளில் வாயால் கேளாமல், பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து வைக்கிறார்கள். முகக் குறிப்பும் தெரியாதிருக்க, பெரிய போட்டிகளில் கூட்டாளிகளுக்கு இடையே திரை நிற்கிறது.

இதனினும் நுண்ணியது ஒன்று உண்டு. நெடுநாள் சேர்ந்து ஆடியவர்களிடையே எழுதாத உடன்பாடுகள் தாமே முளைக்கும். என் கூட்டாளி 11 புள்ளியோடு துணிந்து தொடங்குபவர் என்பதை எந்த விதியும் சொல்லவில்லை. பழக்கத்தால் நான் அறிவேன். அந்த அறிவும் ஓர் உடன்பாடே, அதையும் எதிரிக்குச் சொல்ல வேண்டும் என்கிறது ஆட்டச் சட்டம். எனவே எங்கள் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்துக்கு 'எழுதாதவை' என்று தலைப்பிட்டோம். மற்றப் பக்கங்களைவிட அதனை நிரப்புவதே கடினமாயிற்று. ஒருவரையொருவர் எவ்வளவு அறிந்திருக்கிறோம் என்பதை ஒளிவின்றி எழுத வேண்டியிருந்தது அல்லவா?

நல்ல சீட்டு விழுந்தால் வெற்றிதானே என்று கேட்கலாம். போட்டிகளில் ஒரே சீட்டுப் பகிர்வைப் பல மேசைகளிலும் ஆடச் செய்து, அதே சீட்டை வைத்திருந்த பிறரோடு ஒப்பிட்டே புள்ளியிடுகிறார்கள். அதிர்ஷ்டத்தின் பங்கு அதனால் பெரிதும் குறைகிறது. 1967-இல் ஆந்திர மாநிலத்து ரம்மி வழக்கில், சீட்டு எப்படி விழும் என்னும் தற்செயலைப் பிரிட்ஜோடு ஒப்பிட்டுக் காட்டிய உச்ச நீதிமன்றம், அத்தற்செயல் ஒன்றினாலேயே ஓர் ஆட்டம் திறமையற்றதாகிவிடாது என்று தெளிவுறுத்தியது. 2018-இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றபோது, ஆடவர் இணைப் பிரிவில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வென்றனர். பர்தனுக்கு அப்போது வயது அறுபது. 2023-இல் ஹாங்சோவில் நம் ஆடவர் குழு வெள்ளி பெற்றது.

கற்க விரும்புவோர் நாற்பது பக்கத்தோடு தொடங்க வேண்டியதில்லை. நான்கு பேரும் ஒரு சீட்டுக்கட்டும் ஒரு தாளும் போதும். ஏலம் தொடங்க எத்தனை புள்ளி, ஒன்று துருப்பில்லாமைக்கு எத்தனை புள்ளி, அதற்கு மறுமொழிகள் யாவை என்று ஐந்தாறு வரிகள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய தாளை எதிரே அமர்ந்திருப்பவர்களிடம் படித்துக் காட்டிய பிறகு சீட்டைக் கலையுங்கள்.