ரிட்டர்ன் டிக்கெட்டை டீல்ல விடலாமா?

சிகாகோவில் எம்.எஸ். படிச்ச சீனியர் ஒருத்தர். நியூயார்க்கில் ஃப்ரெண்டுக்குக் கல்யாணம். போக, வர ரெண்டுக்கும் சேர்த்து ரவுண்ட் ட்ரிப் டிக்கெட் போட்டுட்டார். கிளம்புறதுக்கு முந்தின நாள் பார்த்தா, பசங்க நாலு பேர் கார்ல கிளம்புறாங்க. தலைவரும் ஏறிட்டார். 'போற டிக்கெட் போனா போகட்டும், வர்றதுக்குத்தான் டிக்கெட் இருக்கே'ன்னு நினைப்பு!

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏர்போர்ட் கவுன்ட்டர்ல போய் நின்னா, "உங்க டிக்கெட் கேன்சல் ஆகிடுச்சே சார்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாங்க. அப்புறம் கிரெடிட் கார்டைத் தேய்ச்சு, டபுள் காசு கொடுத்து ஊர் வந்து சேர்ந்தார். இன்னிக்கும் அந்தக் கல்யாண ஆல்பத்தைக் காட்டினா மனுஷன் டென்ஷன் ஆகிடுவார்.

காசு கொடுத்து வாங்கின டிக்கெட்தானே, என்னதான் தப்பு? தூக்கிப் போட்ட பாதிதான் தப்பு. அவர் முதல் பாதியைத் தூக்கிப் போட்டார். அதுவே கடைசிப் பாதியா இருந்திருந்தா, அநேகமா ஒரு ஈ, காக்கா கூட ஏன்னு கேட்டிருக்காது.

கடைசிப் பாதியை வேணும்னே தூக்கிப் போடுற கூட்டம் ஒண்ணு உலகம் முழுக்க இருக்கு. காரணம் சிம்பிள். கண்டம் விட்டுக் கண்டம் போற பல பெரிய ஏர்லைன்ஸில் ஒன்வே டிக்கெட்டை விட ரவுண்ட் ட்ரிப் விலை கம்மி! நம்ம ஊர் மெஸ்ஸில் இப்படி ஒரு போர்டை நினைச்சுப் பாருங்க: 'பாயசத்தோடு ஃபுல் மீல்ஸ் 100 ரூபாய். பாயசம் இல்லாமல் 160 ரூபாய்.' நீங்க என்ன செய்வீங்க? ஃபுல் மீல்ஸ் வாங்கி, பாயசத்தை மட்டும் தொடாம எழுந்து வருவீங்க. அவ்வளவுதான் மேட்டர்.

யார் எழுதின போர்டு இது? 1978-ல் அமெரிக்க அரசு விமானக் கட்டணத்தைத் தீர்மானிக்கிற வேலையிலிருந்து விலக ஆரம்பிச்சது. உடனே பீப்பிள் எக்ஸ்பிரஸ் மாதிரி குட்டி கம்பெனிகள் அடிமாட்டு விலைக்கு டிக்கெட் விற்க இறங்கின. அமெரிக்கன் ஏர்லைன்ஸை நடத்தின ராபர்ட் கிராண்டல் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1985-ல் 'அல்டிமேட் சூப்பர் சேவர்'னு ஒரு மலிவு டிக்கெட்டை விட்டார். அதை யாருக்கு விற்கணும், யாருக்கு விற்கக் கூடாதுன்னு கம்ப்யூட்டர் வெச்சுக் கணக்குப் போட்டார். 1987-ல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் வேற கம்பெனியோட கரைஞ்சே போச்சு.

அந்தக் காலத்து மலிவு டிக்கெட்களில் ஒரு குறும்பான கண்டிஷன் உண்டு. போன ஊர்ல சனிக்கிழமை ராத்திரி தங்கியாகணும். ஏன் சனிக்கிழமை? கோட் சூட் போட்ட ஆபீஸர் திங்கட்கிழமை போய் வியாழக்கிழமை வீடு திரும்பிடுவார். அவர் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கிறது கம்பெனி. சனி, ஞாயிறு தங்குறவன் பாட்டி வீட்டுக்குப் போறவன், சொந்தக் காசு. ஆக, ஏர்லைன்ஸ் தூரத்துக்கு ரேட் போடலை பாஸ், ஆளைப் பார்த்து ரேட் போடுது! ஒன்வே கேட்கிறவன் அவசரக்காரன், எவ்வளவு சொன்னாலும் கொடுப்பான்னு அதுக்கு ஒரு நம்பிக்கை. ஒரு வருஷத்துக்குப் பெட்டி கட்டிக்கிட்டுக் கிளம்புற ஸ்டூடன்ட்டும் அந்த லிஸ்ட்ல மாட்டிக்கிறான், அதுதான் கொடுமை.

பாயசத்தை விட்டுட்டுப் போறவனைப் பார்த்து மெஸ் ஓனர் சும்மா இருப்பாரா? டிக்கெட்டின் பகுதிகளை வரிசையாத்தான் யூஸ் பண்ணணும்னு ரூல் போட்டாங்க. சாம்பார் வேண்டாம்னா ரசமும் கிடையாது, மோரும் கிடையாது, இலையை எடு! சீனியர் மாட்டினது இதுலதான். யுனைடெட் ஏர்லைன்ஸோட விதிமுறையில் இதுக்கு 'த்ரோஅவே டிக்கெட்டிங்'னு பேரே வெச்சுத் தடை போட்டிருக்காங்க. மீறினா மிச்ச டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுவோம், விலை வித்தியாசத்தைக் கேட்போம், சேர்த்து வெச்ச மைல்ஸைப் பிடுங்குவோம்னு வரிசையா மிரட்டல்.

மிரட்டல் நிஜமா கோர்ட் வரைக்கும் போயிருக்கு. 2016-ல் ஒருத்தர் லுஃப்தான்சாவில் ஆஸ்லோவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியா சியாட்டில் போய்த் திரும்புற டிக்கெட் வாங்கினார். திரும்பும்போது ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே இறங்கி, வேற டிக்கெட்டில் பெர்லினுக்குப் போய்ட்டார். கடைசி ஆஸ்லோ ஃப்ளைட் அம்போ! கம்பெனி 2,112 யூரோ எடுத்து வைன்னு கேஸ் போட்டுச்சு. பெர்லின் கோர்ட் 2018 டிசம்பரில் அந்தக் கேஸைத் தள்ளுபடி செஞ்சுடுச்சு. அதுக்கும் முன்னாடி, 2010-லேயே ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம், ஒரு பகுதியில் பறக்கலைங்கிறதுக்காக மிச்ச டிக்கெட்டை மொத்தமா ரத்து பண்ற விதி செல்லாதுன்னு சொல்லியிருக்கு. ஆனா, விலை வித்தியாசத்தைக் கேட்கிறது வேற விஷயம்னு ஒரு சின்னக் கதவைத் திறந்தே வெச்சது.

இதோட தம்பி ஒருத்தன் இருக்கான். நேரா போற ஊரை விட, அதைத் தாண்டிப் போற டிக்கெட் மலிவா இருந்தா அதை வாங்கி நடுவுலயே இறங்கிடுறது. இதைத் தேடித் தர்றதுக்குன்னே 'ஸ்கிப்லாக்டு' சைட்டை ஆரம்பிச்சவர் நியூயார்க்கின் அக்தரர் ஜமான். 2014-ல் யுனைடெட்டும் ஆர்பிட்ஸும் அவர் மேல கேஸ் போட்டப்போ வயசு 22. நம்ம செட்டு! ஆர்பிட்ஸ் சமாதானமாப் போச்சு, யுனைடெட் கேஸ் 2015-ல் தள்ளுபடி ஆச்சு. ஆனா 2023-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விடாம வந்துச்சு. 2024 அக்டோபரில் ஜூரி 94 லட்சம் டாலர் தீட்டிட்டாங்க. எதுக்குன்னு கேளுங்க... அந்தக் கம்பெனி லோகோவை சைட்டில் போட்டதுக்கு, காப்பிரைட் மீறல்!

சரி, மேல்படிப்புக்குக் கிளம்புறவங்க கவனத்துக்கு. முதல்ல ஸ்டூடன்ட் ஃபேரை விசாரிங்க, பல ஏர்லைன்ஸில் அதிக லக்கேஜோட ஒன்வே கிடைக்கும். அதையும் மீறி ரவுண்ட் ட்ரிப்தான் மலிவுன்னா, வாங்குறதுக்கு முன்னாடி திரும்புற தேதியை மாத்த எவ்வளவு கேட்கிறாங்கன்னு பாருங்க. செமஸ்டர் லீவுக்குத் தள்ளிப் போட முடிஞ்சா அதைத் தூக்கிப் போடவே தேவையில்லை. தூக்கித்தான் போடணும்னா அந்தக் கடைசிப் பாதியை மட்டும். ஒரு தடவை செய்றவனை யாரும் தேடி வர்றது அபூர்வம். மாசாமாசம் ஒரே மைலேஜ் நம்பர்ல செஞ்சா கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சுடும். உள்நாட்டு ஃப்ளைட்டுக்கு இந்த வித்தையே வேண்டாம், இங்கே பெரும்பாலும் போறதுக்கும் வர்றதுக்கும் தனித்தனி ரேட்தான்.

நிறைய பேர் கோட்டை விடுற காசு ஒண்ணு இருக்கு. ஏறாத ஃப்ளைட்டுக்கும் ஏர்போர்ட் கட்டணம், வரி எல்லாம் டிக்கெட்லயே வாங்கியிருப்பாங்க. நீங்க வரவே இல்லைன்னாலும், டிக்கெட் நான்-ரீஃபண்டபிளா இருந்தாலும், அரசு வரியையும் ஏர்போர்ட் கட்டணத்தையும் இந்திய ஏர்லைன்ஸ் திருப்பித் தரணும்கிறது நம்ம டி.ஜி.சி.ஏ. விதி. வெளிநாட்டு ஏர்லைன்ஸ்னா அவங்க நாட்டு சட்டப்படி. கேட்காம அக்கவுன்ட்டுக்கு வரும்னு காத்திருக்காதீங்க, ஒரு மெயில் தட்டிவிடுங்க. சீனியருக்கு இதைச் சொன்னேன். "அந்த ஊர்ல அப்ப எனக்கு யாருடா சொன்னா?"ன்னு மறுபடி டென்ஷன் ஆகிட்டார்.